ஒரே பெயர், ஆனால் ஒரே கோப்பா?

கடந்த ஆண்டு மலரைக் கையில் வைத்திருப்பவர்கள் அதன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். தரம் 8 மாணவி ஒருத்தி எழுதிய கவிதை அங்கே இருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் வாப்பாவுக்கு ஒரு மகள் எழுதும் கடிதம் போன்ற கவிதை. வாசித்துக்கொண்டு போனால் திடீரென்று நின்றுவிடும். கடைசி நான்கு வரிகள் அங்கே இல்லை. வாப்பாவை எப்போது வருவீர்கள் என்று கேட்பதே அந்த நான்கு வரிகளில்தான்.

அந்தத் தவறு என்னுடையது. தமிழ் ஆசிரியை தவறைக் கண்டுபிடித்திருந்தார். பக்கத்தின் அடியில் வரிகள் வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டு, பக்கத்தைத் திருத்தி, கோப்பைச் சேமித்தும் வைத்திருந்தார். அதைப் பென் டிரைவில் போட்டு அச்சகத்தில் கொடுப்பது மட்டுமே எனது வேலை. அந்தப் பென் டிரைவில் அதே பெயருடன் பழைய கோப்பு ஒன்று ஏற்கெனவே கிடந்தது. "பழையதை மாற்றவா, தவிர்க்கவா" என்று கணினி கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் வாசிக்காமலே தவிர் என்பதை அழுத்திவிட்டேன். அச்சகத்தில் கோப்பின் பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். பெயர் சரியாகத்தான் இருந்தது. அச்சடிக்கப்பட்டதோ பழைய கோப்பு.

மலர் வெளியான அன்று அந்தத் தங்கையைத் தேடிப் போனேன். அவள் தனது பிரதியில் அந்த நான்கு வரிகளையும் நீலப் பேனையால் எழுதி முடித்திருந்தாள். "பரவாயில்ல தாத்தா, வாப்பாக்கு அனுப்புற பிரதியில எழுதிட்டேன்" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். நூலகத்தில் இருந்த பிரதிகளில் நானே உட்கார்ந்து அந்த வரிகளை எழுதினேன். வீடுகளுக்குப் போன பிரதிகளை என்ன செய்ய முடியும்?

விடுமுறைக்கு வந்த நானாவிடம் இதைச் சொன்னேன். அவர் கணினி விஞ்ஞானம் படிப்பவர். "பெயரைப் பார்த்தாய், உள்ளே இருப்பதைப் பார்த்தாயா?" என்று கேட்டார். இருநூறு பக்கங்களை அச்சகத்து வாசலில் நின்று எப்படி வாசிப்பது என்று நான் கேட்டேன். "வாசிக்கத் தேவையில்லை. ஒரு வரிக் கட்டளை போதும்" என்றார். அன்று அவரிடம் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சரிபார்ப்புத் தொகை என்றால் என்ன?

ஒரு கோப்பில் உள்ள எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பெறும் ஒரு சிறிய எண்ணே சரிபார்ப்புத் தொகை. கோப்பு மாறினால் எண்ணும் மாற வேண்டும். அனுப்பியவரிடம் உள்ள எண்ணும் பெற்றவரிடம் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் கோப்பும் ஒன்றுதான் என்று கொள்ளலாம்.

இதன் எளிய வடிவம் கூட்டல். மூன்று பாடங்களில் 7, 4, 9 என்று புள்ளிகள் என வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 20. யாராவது 4 ஐ 5 என்று பிழையாகப் பதிந்தால் தொகை 21 ஆகிவிடும், பிழை பிடிபடும். ஆனால் 9, 4, 7 என்று இடம் மாற்றிப் பதிந்தால் தொகை அதே 20 தான். பிழை தப்பிவிடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. முதல் எண்ணை 1 ஆலும், இரண்டாவதை 2 ஆலும், மூன்றாவதை 3 ஆலும் பெருக்கிக் கூட்டுவோம். 7, 4, 9 என்பதற்கு 7 + 8 + 27 = 42. 9, 4, 7 என்பதற்கு 9 + 8 + 21 = 38. இப்போது இடமாற்றமும் பிடிபடுகிறது.

கடையில் வாங்கும் பொருள்களின் பட்டைக் குறியில் இதே தந்திரம் இருக்கிறது. 13 இலக்கங்களில் முதல் 12 இலக்கங்களை மாறி மாறி 1 ஆலும் 3 ஆலும் பெருக்கிக் கூட்டுகிறார்கள். அந்தத் தொகையை அடுத்த பத்தின் மடங்குக்குக் கொண்டுசெல்லத் தேவையான எண்ணே 13 ஆவது இலக்கம். இலங்கைக்கு வழங்கப்பட்ட எண்கள் 479 என்று தொடங்கும். வீட்டில் உள்ள பிஸ்கட் பக்கெட் ஒன்றை எடுத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கடைசி இலக்கம் சரியாக வரும்.

ஷா 256

பட்டைக் குறிக்கு ஓர் இலக்கம் போதும். ஒரு முழுப் புத்தகத்துக்கு அது போதாது. பத்துப் பிழையில் ஒன்று தற்செயலாகவே தப்பிவிடலாம் அல்லவா? எனவே கோப்புகளுக்கு ஹேஷ் எனப்படும் வலிமையான கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். இன்று பரவலாகப் பயன்படுவது ஷா 256. அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவனம் இதனை 2002 இல் நியமமாக வெளியிட்டது.

இது கோப்பை 512 பிட் கொண்ட துண்டுகளாக, அதாவது 64 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டையும் 64 சுற்றுகள் கலக்குகிறது. ஒரு துண்டின் விடை அடுத்த துண்டின் கணக்குக்குள் போகிறது. ஆகையால் முதல் பக்கத்தில் மாறிய ஒரு காற்புள்ளியின் பாதிப்பு கடைசி விடை வரை வந்து சேரும். இறுதியில் கிடைப்பது 256 பிட். அதனைப் பதினறும எண்ணில் எழுதினால் 64 குறிகள். 0 முதல் 9 வரையான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையான ஆறு ஆங்கில எழுத்துகளும் மட்டுமே அதில் வரும். கோப்பு ஒரு வரியாக இருந்தாலும் ஆயிரம் பக்கமாக இருந்தாலும் விடை 64 குறிகள்தான்.

2 இன் 256 ஆம் அடுக்கு 78 இலக்கங்கள் கொண்ட எண். அத்தனை விடைகள் சாத்தியம். இரண்டு வேறு கோப்புகள் தற்செயலாக ஒரே விடையைத் தரும் என்று அஞ்சத் தேவையில்லை.

ஒரு சிறிய பரிசோதனை. ஹலோ என்ற ஆங்கிலச் சொல்லை முழுவதும் சிறிய எழுத்தில் ஒரு கோப்பில் எழுதினால் அதன் ஷா 256 விடை இப்படித் தொடங்கும்: 2 சீ எஃப் 2 4 டீ பீ ஏ. முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்கினால் இப்படித் தொடங்கும்: 1 8 5 எஃப் 8 டீ பீ 3. சிறிய எச் எழுத்தின் துவித வடிவம் 01101000. பெரிய எச் எழுத்தினுடையது 01001000. ஒரே ஒரு பிட்தான் வேறு, ஆனால் விடையில் ஒற்றுமையே இல்லை. இதைச் செய்து பார்ப்பவர்கள் சொல்லுக்குப் பின்னால் என்டர் விசையை அழுத்த வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புது வரியும் கோப்பின் ஒரு பகுதிதான். அதுவும் விடையை மாற்றிவிடும்.

செய்முறை: விண்டோஸ் கணினியில்

வகுப்பில் ஒருத்தி வாசிக்க மற்றவள் எழுதுவது போல ஆங்கில எழுத்துகளின் பெயரைச் சொல்லித் தருகிறேன். புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. விண்டோஸில் இந்தக் கருவி ஏற்கெனவே இருக்கிறது.

1. கோப்பு இருக்கும் கோப்புறையைத் திறவுங்கள். மேலே முகவரி தெரியும் பட்டையில் சொடுக்கி, அங்கே இருப்பதை அழித்துவிட்டு சீ, எம், டீ என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். கறுப்புத் திரை ஒன்று வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். உம்மா அதைப் பார்த்துவிட்டு, "கணினியை உடைச்சிட்டியா?" என்றே கேட்டார். அது கட்டளை எழுதும் திரை, அவ்வளவுதான்.

2. முதல் சொல்: சீ, ஈ, ஆர், ரீ, யூ, ரீ, ஐ, எல். பின்பு ஓர் இடைவெளி.

3. இரண்டாவது சொல்: ஒரு கழித்தல் குறி. அதை ஒட்டியே எச், ஏ, எஸ், எச், எஃப், ஐ, எல், ஈ. பின்பு ஓர் இடைவெளி.

4. மூன்றாவதாகக் கோப்பின் முழுப் பெயர். பெயரின் முடிவில் வரும் புள்ளியும் பிடிஎஃப் போன்ற மூன்று எழுத்துகளும் சேர வேண்டும். பெயருக்குள் இடைவெளி இருந்தால் முழுப் பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். பின்பு ஓர் இடைவெளி.

5. கடைசிச் சொல்: எஸ், எச், ஏ, 2, 5, 6. இடைவெளி இல்லாமல் எழுதி என்டர் அழுத்துங்கள்.

மூன்று வரிகள் வரும். நடு வரியில் இருப்பதே நமக்கு வேண்டிய 64 குறிகள். பழைய விண்டோஸ் கணினிகளில் இரண்டு இரண்டு குறிகளுக்கு இடையே இடைவெளி விட்டு எழுதிக் காட்டும். எண் அதேதான்.

ஐந்தாவது படியை மறந்தால் கணினி பிழை என்று சொல்லாது. ஷா 1 என்ற பழைய முறையில் கணக்கிட்டு 40 குறிகளைத் தந்துவிடும். ஆகவே விடையின் நீளத்தையும் பாருங்கள்.

செய்முறை: லினக்ஸ் கணினியில்

இங்கே இன்னும் சுருக்கம். எஸ், எச், ஏ, 2, 5, 6, எஸ், யூ, எம் என்பதை ஒரே சொல்லாகச் சிறிய எழுத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரை எழுதினால் போதும். முதலில் 64 குறிகளும் அடுத்து கோப்பின் பெயரும் ஒரே வரியில் வரும்.

பல கோப்புகள் இருந்தால் எல்லாப் பெயர்களையும் இடைவெளி விட்டு எழுதலாம். கடைசியில் 'விடப் பெரியது' என்று கணிதத்தில் நாம் எழுதும் குறியைப் போட்டு ஒரு புதிய கோப்பின் பெயரைக் கொடுத்தால், எல்லா எண்களும் ஒரு பட்டியலாக அதில் சேமிக்கப்படும். பின்னர் ஒரு நாள் சரிபார்க்க வேண்டுமானால் அதே கட்டளைச் சொல்லுக்குப் பின் ஒரு கழித்தல் குறியும் அதை ஒட்டிச் சிறிய சீ எழுத்தும், அடுத்து அந்தப் பட்டியலின் பெயரும் எழுதினால் கணினியே ஒவ்வொன்றாக ஒப்பிடும். சரியான கோப்புக்கு நேரே ஓகே என்றும் மாறிய கோப்புக்கு நேரே ஃபெயில்ட் என்றும் ஆங்கிலத்தில் காட்டும்.

விண்டோஸில் இரண்டு எண்களை ஒப்பிடும்போது, இரண்டையும் ஒரு வெற்றுக் கோப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

தவறுதல் வேறு, திருட்டு வேறு

என்னுடையது தவறுதல். வேண்டுமென்றே செய்யப்படும் மாற்றமும் உண்டு. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையத்தளத்துக்குள் புகுந்த ஒருவர், தரவிறக்கும் இணைப்பை மாற்றித் தீங்கான நிரல் சேர்த்த கோப்பை மக்களுக்குக் கொடுத்தார். இதை அறிந்ததும் அதனை உருவாக்குவோர் சரியான கோப்புகளின் எண்களை வெளியிட்டு, தரவிறக்கியவர்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கோப்பை மாற்றக்கூடியவர் அதன் பக்கத்தில் எழுதியுள்ள எண்ணையும் மாற்றலாம் அல்லவா? பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டுவதில் பயனில்லை. கோப்பு ஒரு வழியால் வந்தால் எண் இன்னொரு வழியால் வர வேண்டும்.

முறையும் வலிமையானதாக இருக்க வேண்டும். எம்டி5 என்ற முறையை ரொனால்ட் ரிவெஸ்ட் 1991 இல் வடிவமைத்தார். பல ஆண்டுகள் எல்லோரும் அதனை நம்பினார்கள். 2004 இல் சீனாவைச் சேர்ந்த வாங் சியாவ்யுன் என்ற பெண் கணிதவியலாளர் தம் குழுவினருடன் சேர்ந்து, ஒரே எம்டி5 விடையைத் தரும் இரண்டு வேறு தரவுகளை உருவாக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டு அவர் ஷா 1 முறையின் பலவீனத்தையும் கணித ரீதியாகக் காட்டினார். 2017 இல் நெதர்லாந்தின் ஆய்வு நிறுவனம் ஒன்றும் கூகுள் நிறுவனமும் சேர்ந்து, ஷா 1 விடை ஒன்றாகவே வரும் இரண்டு வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. கணிதம் கடினம் என்று சொல்லும் தோழிகள் வாங் சியாவ்யுன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலகம் நம்பிய கணக்கில் ஓட்டை கண்டவர் ஒரு பெண்.

பெற்றோருக்கு

உம்மா, வாப்பாமாரே, இது கணினி படிப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல. திருமணப் புகைப்படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்ப் பிரதிகள், மரணித்துவிட்ட பெரியவர்களின் குரல் பதிவுகள் எல்லாம் இன்று கோப்புகள்தான். தொலைபேசியில் இடமில்லை என்று அவற்றைப் பென் டிரைவில் போட்டுவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறோம். பிரதி முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. பிரதி முடியுமுன் பென் டிரைவை இழுத்துவிட்டாலும் கோப்பின் பெயர் அங்கே தெரியலாம், உள்ளே குறைவாக இருக்கலாம். ஆகவே முதலில் பிரதி செய்யுங்கள். இரண்டு பக்கமும் எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அதன் பின்னரே அழிப்பதைப் பற்றி யோசியுங்கள். இரண்டு இடங்களில் பிரதி வைத்திருப்பது இன்னும் நல்லது. ஏனெனில் கோப்பு மாறிவிட்டது என்பதை எண் சொல்லும், ஆனால் பழுதைத் திருத்தித் தராது.

வட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே போகிறது. எனவே எண் மாறிவிடும். அதே படத்தை ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். கோப்பின் பெயரை மாற்றுவதால் எண் மாறாது, ஏனெனில் கணக்கு உள்ளடக்கத்துக்கு மட்டுமே. எண்ணை யாருக்குச் சொன்னாலும் அதிலிருந்து கோப்பைத் திரும்ப உருவாக்க முடியாது.

முதல் முயற்சி

இவ்வாண்டு இல்ல விளையாட்டுப் போட்டியின் நிகழ்ச்சி நிரலை அச்சகத்துக்குக் கொடுக்கும் பொறுப்பை ஆசிரியை மறுபடியும் என்னிடமே தந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. அவர் திருத்தி முடித்த உடனே, அவர் முன்னாலேயே எண்ணைக் கணக்கிட்டுக் கொப்பியில் எழுதினேன். அவர் பக்கத்தில் கையொப்பமிட்டார். கோப்பு பென் டிரைவில் போனது. எண் கொப்பியில் போனது.

அச்சகத்தில் கணினி பார்க்கும் அண்ணனிடம் கட்டளையைச் சொன்னேன். அவர் தட்டினார். எண் பொருந்தவில்லை. என் கை குளிர்ந்துவிட்டது. மறுபடியும் தவறான கோப்பா? பின்புதான் நீளத்தை எண்ணினேன். 40 குறிகள். கடைசிச் சொல்லை நான் சொல்ல மறந்திருந்தேன். மறுபடி கணக்கிட்டார். 64 குறிகள். நான் வாசிக்க அவர் விரலால் தொட்டுத் தொட்டுச் சரி பார்த்தார். கடைசிக் குறியும் பொருந்தியது. "இனி எல்லாரிட்ட வேலைக்கும் இப்படிச் செய்வம் தங்கச்சி" என்றார் அவர்.

எண் சொல்லாதது

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்த எண், கோப்பு மாறவில்லை என்று மட்டுமே சொல்லும். கோப்பு சரியானது என்று சொல்லாது. கடந்த ஆண்டு ஆசிரியை வெட்டுப்பட்ட வரிகளைக் காணாமல் விட்டிருந்தால், நான் எத்தனை தடவை ஒப்பிட்டிருந்தாலும் எண் அழகாகப் பொருந்தியிருக்கும், கவிதையோ குறையாகவே அச்சாகியிருக்கும். முதலில் மனிதர் ஒருவர் பொறுமையாக வாசிக்க வேண்டும். அவர் வாசித்துச் சரி என்று சொன்னதைக் காப்பதுதான் எண்ணின் வேலை.

ஆகவே இந்த மலருக்கு நாங்கள் இரண்டையும் செய்கிறோம். எழுதிய ஒவ்வொரு மாணவியும் தன் பக்கத்தை இறுதி வடிவில் வாசித்துக் கையொப்பமிடுகிறாள். எல்லாம் முடிந்த பின் எண்ணைக் கணக்கிடுவோம். அந்த எண்ணை இங்கே அச்சிட எனக்கு ஆசைதான், ஆனால் முடியாது. அதை இந்தப் பக்கத்தில் எழுதினால் கோப்பு மாறிவிடும், எண்ணும் மாறிவிடும். அது ஆசிரியையின் கொப்பியிலேயே இருக்கும்.

தரம் 9 க்கு வந்துவிட்ட அந்தத் தங்கையும் இம்முறை ஒரு கவிதை தந்திருக்கிறாள். தன் பக்கத்தை வாசிக்க வந்தபோது கடைசி வரியின் கீழ் விரலை வைத்து, "இதோட முடியுது தாத்தா" என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் கையொப்பமிட்டாள்.